பனிக்கட்டி ஆலைக் குட்டை

பஞ்சு முனையை வாய்க்குள் விட்டு
மூன்று முறை சுழற்ற வேண்டும், அவ்வளவுதான்.
தவளை தன் வாயால் கெடும் என்பார்கள்.
இது கெடவில்லை.
முப்பாட்டன் யார் என்பதை மட்டும் எங்களிடம் உளறிவிட்டு
சரவுத்தின் ஈரக் கையிலிருந்து நழுவி
வயலுக்குள் தொப்பென்று விழுந்தது.

மேகோங்கின் இரு கரையிலும்
பத்தொன்பது இடங்கள், இருநூற்றுப் பன்னிரண்டு தவளைகள்.
இரவெல்லாம் நெற்றிவிளக்கு, அட்டைக்கடி, முழங்கால் சேறு.
ஒரு சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.
எல்லாம் எச்சில் என்றோம்.
காவலர் நம்பாமல் ஒவ்வொரு குழாயையும்
விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

பிறகு நாக்கோன் பனோமில், குளிரூட்டிய அறையில்,
ஒரு தவளைக்கு ஒரு கோடாக
மயிரிழை மெலிவில்
திரையில் வரிசை கட்டி நின்றன.
வலக்கரை பச்சை, இடக்கரை காவி.

இரு கரையிலும் மனிதர் பேச்சு ஒன்று,
மூங்கில் கூடையில் ஆவி பறக்கும் ஒட்டரிசி ஒன்று,
புளிக்கவைத்த மீனின் நாற்றம்கூட ஒன்று.
தவளைகளுக்குத்தான்
ஆறு ஆறாகவே இருந்திருக்கிறது,
எல்லைக் கல் நட ஆளில்லாத காலம்தொட்டு.

பதினான்காம் இடம் மட்டும் இடித்தது.
பனிக்கட்டி ஆலைக்குப் பின்னால்
உருகிய நீர் வந்து தேங்கும் குட்டை.
வலக்கரைதான். ஆனால் கோடுகளில் பாதி காவி.
மீதியில் பல, பச்சை மேலே காவி கீழே என
அவசரத்தில் ஒட்டுப்போட்ட துணிபோல.

ஒராத்தை என்னைத்தான் பார்த்தாள்.
குழாயில் எண் மாற்றி எழுதினாயா?
மறுபடி ஓட்டினோம்.
மறுபடி.
வெள்ளமா? வெள்ளம் ஒரே ஒரு குட்டைக்கா வரும்?
பண்ணையிலிருந்து தப்பியவையா?
பண்ணைத் தவளைகள் எங்களுக்குத் தெரியும்,
ஒரே அச்சில் அடித்த காசுகள்.
இவற்றிலோ எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை.
நாங்கள் அளந்ததிலேயே செழித்த மரபணு
அந்தச் சாக்கடையில் இருந்தது.

ஆலை வாசலில்
மீன் பெட்டிகளுக்குப் பனிக்கட்டி உடைத்துக்கொண்டிருந்தாள் கேசோன்.
உளியை நிறுத்தாமலே கேட்டாள்:
எத்தனை வருஷத்துக்கு முன்னாடின்னு உங்க மெஷின் சொல்லுது?
துல்லியமாகச் சொல்லாது, அக்கா.
நாற்பது இருக்கலாம், ஐம்பதும் இருக்கலாம்.
உளி நின்றது.

ஒரு கூடை, என்றாள்.
மூணு நாள் சாப்பாட்டுக்குன்னு அப்பா பிடிச்சது.
படகுல என் மடியில.
மேல ஈரத்துணி, துணிமேல என் கை,
இன்னொரு கை தம்பி வாயில.
இந்தக் கரைக்கு வந்தா முகாம்ல அரிசி குடுத்தாங்க.
தவளை தேவைப்படல.

தம்பி? என்று சரவுத் கேட்டிருக்கக் கூடாது.
அவள் ஒரு பாளத்தைப் புரட்டிப்போட்டு
நடுவில் உளியை வைத்தாள்.
பாளம் அவள் நினைத்த இடத்தில் பிளக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே,
இங்க இருந்ததோட சேர்ந்துக்கிச்சா?
சேர்ந்துவிட்டது, அக்கா. முதல் மழையிலேயே இருக்கலாம்.
சிரித்தாள்.
எங்களுக்கு அடையாள அட்டை வரப்
பதினெட்டு வருஷம் ஆச்சு.

ஆய்வறிக்கையில் அதற்கு ஒரு வரிதான் இடம்:
மனிதர் வழி இடமாற்றம், ஒரே நிகழ்வு,
காலம் தோராயமானது.
ஒராத்தை ஒரே நிகழ்வு என்பதை இரண்டு முறை அடித்தாள்,
இரண்டு முறையும் திரும்ப எழுதினாள்.

கிளம்பும்போது கேசோன்
கையை முந்தியில் துடைத்துக்கொண்டு வந்து
எங்கள் பெட்டியிலிருந்த பஞ்சுக் குச்சிகளைக் காட்டினாள்.
என்னையும் பாரேன், நான் எந்தக் கலர்னு.
வாயைத் திறந்து நின்றாள்.
கடைவாயில் ஒரு தங்கப் பல்,
நாக்கில் வெற்றிலைச் சிவப்பு.

மனிதருக்கான அனுமதிப் படிவம்
எங்களிடம் இல்லை.
இல்லை என்று சொல்லும்வரை
அவள் வாயை மூடவில்லை.